பொரளை பஸ்நிலையத்தில் எடுத்த படம்

சமையலறை வேலை முடிந்து கடைசி ரயிலுக்கு நிற்கும்போது எதிர் மேடையில் இருப்பவர்களை போனில் படம் எடுப்பது என் வழக்கம். ஒருநாள் சீருடைக்காரர் ஒருவர் வந்து அழிக்கச் சொன்னார். அழித்தேன். காவலரண்களில் பழகின கை, வாதாடாது.

பிறகுதான் விசாரித்தேன். சிட்னியிலும் மெல்பேர்ணிலும் ரயில்நிலையம் தெருவைப் போன்றதல்ல. முக்காலி வைக்காதே, பிளாஷ் அடிக்காதே, வியாபாரத்துக்கென்றால் அனுமதி எடு என்று நிர்வாகம் நிபந்தனை போடலாம். எடுத்த படத்தை அழி என்று சொல்லும் அதிகாரம் அவருக்கில்லை. படத்தில் விழுந்தவருக்கும் பெரிய பாதுகாப்பு இல்லை. படம் பிடிக்கப்படாமல் இருக்கும் உரிமை எங்கள் சமூகத்தில் ஒருவருக்கும் இல்லை என்ற கருத்தில் நியூ சவுத் வேல்ஸ் உயர் நீதிமன்ற நீதிபதி டௌட் 2001இல் எழுதியிருக்கிறார். 2025 யூனிலிருந்து தனியுரிமையை மோசமாக மீறினால் வழக்குப் போடலாம். மேடையில் நித்திரை தூங்குபவன் அதற்குள் இலகுவில் வரமாட்டான்.

ஆக, சட்டம் என் பக்கம். மனம் ஒப்பவில்லை.

வோக்கர் எவன்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயோர்க் சுரங்க ரயிலில், கோட்டுக்குள் கமராவை ஒளித்து எதிரில் இருந்தவர்களை எடுத்தார். புத்தகமாக்க 1966 வரை பொறுத்திருந்தார். அந்தப் பொறுமையை நான் மதிக்கிறேன். ஆனால் அவருடைய பயணிகள் பறிகொடுத்தது முகத்தை மட்டும்தான்.

எங்களிடம் வேறொரு படம் இருக்கிறது. 1983 யூலைக் கலவர இரவில், பொரளை பஸ்நிலையத்தடியில், கம்யூனிஸ்ட் கட்சியின் 'அத்த' பத்திரிகைப் படப்பிடிப்பாளர் சந்திரகுப்த அமரசிங்க எடுத்தது. நிர்வாணமாக்கப்பட்ட தமிழ் இளைஞன் குந்தியிருக்கிறான். அவனுக்கு முன்னால் ஒருவன் சிரித்தபடி, நடனமாடுவதுபோலக் காலைத் தூக்குகிறான். அந்தக் கூட்டத்தில் யாரிடம் அனுமதி கேட்பது? கேட்டிருந்தால் படமும் இல்லை, எடுத்தவரும் மிஞ்சியிருக்கமாட்டார். அங்கே நின்ற கண்களில் சாட்சியானது அந்தச் சிங்களவரின் கமராதான். அது எடுக்கப்பட்டிருக்க வேண்டிய படம். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

என் பிணக்கு எங்களோடுதான். இங்கே ஒரு யூலை நினைவுக் கூட்டத்தில் அது ஆளுயரப் பதாகையாகத் தொங்கியது. சிரித்தவனை வெட்டிவிட்டார்கள். குந்தியிருப்பவன் மட்டும், தனியே, பெரிதாக. அந்தப் படம் குற்றஞ்சாட்டுவதே சிரிப்பை வைத்துத்தான். சிரிப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு மனிதனின் அம்மணம். அவனை இன்னொருமுறை, இந்தத் தடவை நாங்கள், உரிந்து நிறுத்தியிருக்கிறோம். பக்கத்து மேசையில் தேத்தண்ணியும் ரோல்ஸும்.

எடுத்தவர் பெயர் கீழே இல்லை. ஒழுங்குசெய்த அண்ணையிடம் முழுப் படத்தையும் பெயரோடு போட்டிருக்கலாமே என்றேன்.

"இடம் காணாது, தம்பி" என்றார்.