சரிகையும் நிலமும்

பட்டும் பருத்தியும் நாரும் மணியும் உலோக இழையும் கலந்து துணியின்மேல் ஒரு நிலப்பரப்பையே தைத்தெழுப்பும் கலை மேல்நாட்டார் நேற்றுக் கண்ட நூதனம் என்றும், தமிழருக்கு அதில் பூர்வ பாத்தியதை ஏதுமில்லை என்றும் ஓர் அபிப்பிராயம் இப்போது செல்வாக்குப் பெற்றிருக்கிறது. வைகையின் இரு கரையிலும், பரமக்குடியிலும் எமனேசுவரத்திலும், பாவும் ஊடையுமே பிழைப்பாகக் கொண்ட ஜனங்களின் நடுவே வாழும் ஒருவன் அதை மறுக்காதிருப்பது தர்மமாகாது.

தஞ்சையின் தொம்பைகளும் தேர்ச்சீலைகளும் பல வர்ணத் துணிகளை வெட்டி ஒட்டித் தைத்தவை. தஞ்சை மராட்டிய அரண்மனைக்கென்று கொடாலிக் கருப்பூரில் நெய்த சேலைகளிலோ, சரிகையிட்டு நெய்த துணியின்மேல் மெழுகெழுதிச் சாயந்தோய்த்து, செம்மையினூடே பொன் கசியும்படி செய்தார்கள். இவற்றில் நிலக்காட்சி இல்லை என்பது மெய்; ஆனால் கலப்பின் சூக்ஷ்மம் முழுமையாக இருக்கிறது. நிலக்காட்சியும் ஐரோப்பாவின் ஏகபோகமன்று: சீனத்தில் கூ குடும்பத்து மருமகள் ஹான் சிமெங், சோங், யுவான் காலத்து ஓவியங்களைப் பட்டிழையில் பெயர்த்த தொகுப்பு 1634-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கிலப் பெண்கள் பஞ்சு பொதிந்து உருவங்களைப் புடைக்கச் செய்து, கோட்டைச் சாளரங்களுக்கு அப்பிரகத் தகடு பதித்தார்கள்.

எனினும் உலோக இழையின் உள்ளியல்பை முற்றும் உணர்ந்தவர்கள் பதினைந்தாம் நூற்றாண்டின் பர்கண்டி நாட்டுத் தையற்காரர்களே. பொன்னிழையைத் துணிக்குள் இழுத்துத் தைத்தால் மேற்சுற்று உரிந்துபோகும். ஆகவே அதை மேற்பரப்பில் படுக்கவைத்து, மெல்லிய பட்டிழையால் ஆங்காங்கே கட்டுவது தொன்றுதொட்ட வழக்கம். அவர்களோ பரப்பு முழுவதும் பொன்னிழைகளை ஜோடி ஜோடியாகக் கிடையே பரப்பி, கட்டும் பட்டிழைக்கு வர்ணங்கொடுத்து, நிழல் வேண்டுமிடத்தில் கட்டுகளை நெருக்கியும் ஒளி வேண்டுமிடத்தில் விலக்கியும் தைத்தார்கள். பொன் அங்கே ஆபரணமாக நில்லாமல் வெளிச்சமாகவே மாறிவிட்டது. வியன்னாவில் பாதுகாக்கப்படும் பொற்கம்பளிச் சங்கம் என்னும் பிரபுக்கள் அமைப்பின் ஆராதனை உடைகளில் காண்பவை புனிதர்களின் உருவங்களேயாயினும், ஒரு நிலத்தின்மீது வெயில் விழுவதைத் தைக்க இதனினும் சிறந்த உபாயம் இன்றுவரை தோன்றவில்லை.

பின்வந்த வீழ்ச்சி துக்ககரமானது. மேரி லின்வுட் (1755–1845) பிரசித்தரின் தைலவர்ண ஓவியங்களைக் கம்பளியிழையில் நகலெடுத்து லண்டனைப் பிரமிக்கவைத்தார். ஊசி தூரிகைக்கு ஊழியஞ்செய்யத் தொடங்கிற்று. அதன்பின் அச்சிட்ட மாதிரித்தாள்கள் வந்தன. பள்ளித் தையல் வகுப்புகளின் வழியே அவை நம் இல்லங்களிலும் புகுந்து, பனியையே காணாத நம் பெண்கள் பனிமலையையும் அன்னம் நீந்தும் ஏரியையும் தைத்துக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டும்படி செய்தன. இன்று தெருவுக்குத் தெரு பெருகியுள்ள ஆரி வகுப்புகளில் கைத்திறனுக்குக் குறைவில்லை; குறைவு கண்ணுக்குத்தான். கடலென்றாலும் வானமென்றாலும் சமிக்கியால் நிரப்பிவிட்டால், எல்லாம் மின்னும் இடத்தில் எதுவும் ஒளிர்வதில்லை.

நமக்கு வழி வேறு. வறண்ட வைகை மணலுக்குச் சாயமிடாத பருத்தியும், பனங்காட்டுக்குப் பனைநாரும், சீமைக் கருவேலத்தின் கரும்பச்சைக்குத் தறியில் மிஞ்சிய பாவுநூல் முனைகளும் போதும். சரிகை, கண்மாய் நீரின்மேல் மாலைவெயில் படும் ஒற்றைக் கோட்டுக்கு மட்டும் உரியது. சரிகையின் விலையும் குணமும் அறிந்த நெசவாளர் ஊரில் இச்சிக்கனத்தைப் புதிதாகப் போதிக்க வேண்டியதில்லை. தையல் கற்பிப்போர் மாதிரித்தாளை ஒதுக்கிவிட்டு மாணவியரைக் கண்மாய்க் கரைக்கு அழைத்துச் செல்லட்டும். கட்டுகளை நெருக்கியும் விலக்கியும் நிழலை உண்டாக்கும் முறையைப் பூவேலைக்கு முன்னரே பயிற்றட்டும். இந்த இரண்டும் நிகழுமாயின், நம் மண்ணை நம் இழையில் காணும் நாள் தொலைவில் இல்லை.