நிழல் இல்லாத வண்டி

காலை ஆறு மணி. திருவேங்கடம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸும் கையுமாக எழுந்து வந்து வண்டியைச் சுற்றி நின்றுவிட்டார்கள். ஒருவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், கடைசியில் கேட்டார்: "அண்ணாச்சி, மேல எங்க?"

மேலே ஒன்றுமில்லை. வண்டி 1960-களில் வந்த இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. முந்தைய சொந்தக்காரர் யாரோ கூரையை எடுத்துவிட்டு, மடக்குகிற கம்பிச்சட்டமும் ரெக்சின் துணியும் போட்டிருக்கிறார். மூன்றாவது கை மாறி வந்திருக்கிறது. இப்போது வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு விற்கும் யோசனை. "ரெண்டு நாள் ஓட்டிப் பாத்துட்டு வாங்கலாமா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க" என்று சாவியைக் கொடுத்தார். ஒரு நாள் அவர் ஓட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மறுநாள் நானே ஓட்டினேன்.

ஹெரால்டு நம் மாநிலத்து வண்டி. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1961 முதல் இதைத் தயாரித்தது. மூலம் 1959-இல் இங்கிலாந்தில் அறிமுகமான டிரையம்ப் ஹெரால்டு. வடிவம் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலாட்டியுடையது. அந்தக் காலத்தில் பாடியும் சேஸிஸும் ஒரே கூடாக வரும் கார்கள் பெருகிவிட்டன. டிரையம்ப் கம்பெனிக்கோ முழு பாடியையும் செய்து தர ஓரிடம் அமையவில்லை. அதனால் தனியாக ஒரு சேஸிஸைச் செய்து, பல இடங்களில் அடித்த தகடுகளை அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். கூரையும் அப்படி முடுக்கிய ஒரு துண்டுதான். வண்டியின் பலம் சேஸிஸில் இருப்பதால் கூரையைக் கழற்றினாலும் வண்டி நிற்கிறது. இங்கிலாந்தில் கம்பெனியே திறந்த மாடலையும் விற்றது. நம் ஊர்ப் பட்டறைகளுக்கும் அந்த போல்ட்டுகள் கண்ணில் படாமல் இல்லை.

முதலில் துணி. மடக்க இரண்டு பேர் வேண்டும். கண்ணாடிச் சட்டத்தில் உள்ள இரண்டு கொக்கிகளை விடுவித்து, கம்பியைப் பின்னால் தள்ளி, துணி சட்டத்துக்குள் சிக்காமல் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். பழகியவர்களுக்கு ஐந்து நிமிடம். எனக்குப் பத்து நிமிடமும் ஒரு விரல் நகமும் ஆனது. வெயிலில் காய்ந்த ரெக்சின் மடிப்புகளில் வெடிப்பு விட்டிருந்தது. மழை வந்தால் அந்த வழியாகத்தான் முதல் சொட்டு இறங்கும்.

948 சிசி எஞ்சின் ஒரே இழுப்பில் கிளம்பியது. முதல் கியருக்கு வண்டி முழுதும் நிற்க வேண்டும். உருளும்போது போட்டால் பற்கள் கத்தும். அந்தக் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. ஸ்டியரிங்தான் இந்த வண்டியின் சொத்து. பவர் இல்லை, ஆனாலும் லேசு. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். தெருமுனையில் ஆட்டோ திரும்புகிற இடத்தில் இதுவும் திரும்பியது. டிரம் பிரேக் என்பதால் முன்னால் போகும் வண்டியோடு இரண்டு மடங்கு இடைவெளி விட்டேன். பின்சக்கர அமைப்பு இன்னொரு விஷயம். வளைவில் வேகமாகப் போய் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்சக்கரம் உள்பக்கம் மடங்கப் பார்க்கும். அந்தக் காலத்து 'ஸ்விங் ஆக்ஸில்' வண்டிகளுக்கெல்லாம் உள்ள குணம் அது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டால் வம்பில்லை.

சங்கரன்கோவில் சாலையில் ஐம்பதில் போனோம். ஆடி மாதம், தபசுத் திருவிழாவுக்குக் கூட்டம் சேரத் தொடங்கியிருந்தது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று நேர் எதிரே அறைந்தது. முன்கண்ணாடி முகத்தைக் காப்பாற்றுகிறது. தலைக்கு மேல் போகும் காற்று பின்சீட்டில் விழுந்து, சுழன்று, நம் பிடரிக்கே திரும்பி வருகிறது. துண்டு கட்டாமல் உட்கார முடியாது. அறுபதைத் தாண்டினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது.

திரும்பும்போதுதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. காற்று இப்போது முதுகுப் பக்கம். வண்டியும் காற்றும் கிட்டத்தட்ட ஒரே வேகம். உள்ளே இலை அசையவில்லை. சத்தம் அடங்கியது, வெக்கை ஏறியது. உழுது போட்ட கரிசலிலிருந்து கிளம்பிய புழுதி பின்னாலிருந்து எங்களை எட்டிப் பிடித்து மடியில் இறங்கியது. எங்கள் சைலன்சர் புகையே எங்கள் மூக்குக்கு வந்தது. திறந்த கார் என்றால் காற்றோட்டம் என்று நினைத்திருந்தேன். அது போகும் திசையைப் பொறுத்தது.

ஒன்பதரை மணிக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது என் முடிவு. ரெக்சின் சீட் தொடையைச் சுட்டது. ஸ்டியரிங்கைத் துணி வைத்துப் பிடித்தேன். சாயங்காலம் ஐந்தரைக்குப் பிறகு மறுபடி உயிர் வருகிறது. கழுகுமலைச் சாலையில் பனைகளுக்கு நடுவே மெதுவாகப் போனபோது ஆட்டுக்கிடை வாசம், தண்ணீர் பாய்ந்த வயலின் ஈரம், தீப்பெட்டிக் கம்பெனியைக் கடக்கையில் மருந்து நெடி என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து போனது. நான் பல வருடம் ஏசி போட்டுப் போன சாலைதான் அது. மூக்குக்கு மட்டும் புதுசு.

வாங்க நினைப்பவர்கள் நான்கு விஷயம் பாருங்கள். ஒன்று, நாலு பேரை உட்காரவைத்துக் கதவைத் திறந்து மூடுங்கள். கதவு உரசினால் கூரை போன பிறகு பாடி தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு, சேஸிஸின் பக்கக் கைகளை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பெயின்டுக்கும் பட்டிக்கும் கீழே துரு ஒளிந்திருக்கும். மூன்று, பெட்ரோல் ஹோஸ்கள். பழைய ரப்பருக்கும் இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோலுக்கும் ஆகாது. நான்கு, ஆர்.சி. பாடியை மாற்றியது அதில் ஏறியிருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் வந்த 'வின்டேஜ்' பதிவைச் சொல்லி யாராவது ஆசை காட்டலாம். அந்தப் பதிவுக்கு பாடி பெரிதாக மாற்றப்படாமல் இருக்க வேண்டும். கூரை வெட்டிய வண்டிக்கு அது கஷ்டம். பதிவு கிடைத்தாலும் தினசரி ஓட்ட முடியாது.

பாதுகாப்பு பற்றிப் பேச அதிகமில்லை. பெல்ட் இல்லை, கவிழ்ந்தால் தலைக்கு மேல் தாங்க எதுவும் இல்லை. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நான்குவழிச் சாலைக்குப் போக வேண்டாம்.

இரண்டாம் நாள் காலை எட்டரைக்குக் கைகாட்டி நிறுத்திய ஒரு ஆச்சியைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டோம். மடியில் கீரைக்கட்டுச் சாக்கு. சேலைத் தலைப்பை முக்காடு போட்டுக்கொண்டு பேசாமல் வந்தார். இறங்கும்போது கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வண்டி நல்லாத்தாம்ப்பா இருக்கு. நெழல்தான் இல்ல."

அண்ணாச்சியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு அதையே சொன்னேன். வீட்டில் இன்னொரு கார், நிறுத்த ஒரு கொட்டகை, விடியலில் எழுந்திருக்கும் பழக்கம் மூன்றும் உள்ளவர் வந்தால் நல்ல விலை கேட்கலாம். இருக்கிற ஒரே வண்டியாக இதை வாங்க வருபவருக்கு விற்க வேண்டாம். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே சாவியை இடுப்பு மடிப்பில் செருகினார். மறுநாள் ஆறு மணிக்கு டீக்கடைக்கு அதில்தான் வந்திருந்தார்.