நேரலை நிகழ்வும் நோக்குவோர் மொழியும்

ஒரு நிகழ்வு நடந்துகொண்டிருக்கும்போதே அதைப் பற்றி எழும் மொழி, அது முடிந்தபின் எழும் மொழியினின்றும் வேறுபட்டது. வானொலி நேர்முக வருணனை இதற்குத் தக்க சான்றாகும். விளையாட்டு வருணனையாளரின் ஆங்கிலத் தொடரமைப்பை ஆராய்ந்து சார்லஸ் ஃபெர்குசன் 1983இல் வெளியிட்ட கட்டுரை, இம்மொழியைத் தனியொரு வழக்காகவே கொண்டு விளக்கியது. வானொலி வருணனையாளர் தாம் கண்டதைக் காணாதவர்க்கு உரைப்பவர். எனவே யார், எங்கே, என்ன செய்தார் என்பன அவர் கூற்றில் இடம்பெற்றாக வேண்டும். சமூக ஊடகங்களின் வழி நேரலையைப் பின்தொடர்வோரின் மொழியில் இவ்வடிப்படை மாறுகிறது. எழுதுவோரும் படிப்போரும் ஒரே திரையை ஒரே வேளையில் காண்கின்றனர் என்பது இங்கு முற்கோளாக அமைகிறது.

சந்திரயான்-3இன் தரையிறக்கம் இம்மாற்றத்தை ஆராய ஏற்றதாகும். 2023 ஆகஸ்ட் 23 அன்று மாலை 6.04 மணியளவில் விக்ரம் கலம் நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் யூடியூப் நேரலையை ஒரே வேளையில் கண்டோர் தொகை 80 இலட்சத்தைக் கடந்தது. ஏறத்தாழ 19 நிமிடம் நீடித்த இறக்கத்தின்போது திரையில் தோன்றியவை கட்டுப்பாட்டு அறை, கணினி வரைபடம், உயரத்தையும் வேகத்தையும் காட்டும் எண்கள் ஆகியனவே. கலம் நிலவைத் தொட்ட காட்சியை நேரலையில் எவரும் காணவில்லை. கண்டதாகக் கருதப்படும் நிகழ்வு, உண்மையில் எண்களாலும் சொற்களாலும் அறியப்பட்ட நிகழ்வே. ஆகவே விளக்கும் மொழியின் தேவை இங்குக் குறையவில்லை; கூடியே இருந்தது.

எனினும் நேரலைப் பதிவுகளின் பொதுப்போக்கு விளக்கம் அன்று. ‘வந்தாச்சு’, ‘இன்னும் கொஞ்சம்தான்’, ‘அப்பாடா’ என்னும் வகையான கூற்றுகளில் எழுவாய் இல்லை, இடமும் இல்லை. செய்தி தருவதினும் உடனிருப்பதை உணர்த்துவதே இவற்றின் பணி. மாலினோவ்ஸ்கி 1923இல் சுட்டிய உறவாடல் மொழி இதுவே. இதனை மொழிச் சிதைவு என்று ஒதுக்குவது பொருந்தாது. தனித்தனி வீடுகளில் இருப்போரை ஒரே திரளாக உணரச் செய்யும் ஆற்றல் இதற்கு உண்டு.

வினைமுற்றின் காலமும் கருதத்தக்கது. விரைவு கருதி எதிர்வையும் நிகழ்வையும் இறந்த காலத்தாற் கூறலாம் என்பதைத் தொல்காப்பிய வினையியல் ஏற்கிறது; நன்னூலார் விரைவோடு மிகுதியையும் தெளிவையும் சேர்த்துரைக்கிறார். கலம் தரையைத் தொடுமுன் ‘இறங்கியாச்சு’ என எழுதுவதை இவ்விதியால் அமைக்கலாம். ஆனால் இணைய நேரலை எல்லாத் திரைகளையும் ஒரே கணத்தில் அடைவதில்லை. சில நொடிகள் பிந்திக் காண்போர்க்கு, உண்மையாகவே முடிந்ததைக் கூறும் பதிவும் முன்கூட்டிய கூற்றாகத் தோன்றும். விரைவா, தெளிவா, நடந்து முடிந்த நிகழ்வா என்பதை வினைமுற்று மட்டும் காட்டாது.

இதன் விளைவு நிகழ்வு தடைப்படும்போது வெளிப்படும். 2019 செப்டம்பர் 7 அதிகாலையில், சந்திரயான்-2இன் விக்ரம் கலம் நிலவுக்கு மேல் 2.1 கி.மீ. உயரம்வரை இயல்பாக இறங்கியதென்றும், பின்னர்த் தொடர்பு அறுந்ததென்றும், தரவுகள் ஆராயப்படுகின்றன என்றும் நிறுவனத் தலைவர் அறிவித்தார். அறிந்தது, அறியாதது, செய்யப்படுவது ஆகிய மூன்றும் அச்சிற்றறிவிப்பில் இருந்தன. சமூக ஊடகங்களிலோ ஆறுதலும் பாராட்டும் பெருகின. அவற்றை மட்டும் பின்னாளில் படிப்பவர், மக்கள் வருந்தினர் என்பதை அறிவார். எது நேர்ந்தது என்பதை அறியார்.

மொழிபெயர்ப்பாளர்க்கு இது நடைமுறைச் சிக்கலாகிறது. 2023இல் தரையிறக்கம் முடிந்தவுடன் நிறுவனம் ஆங்கிலத்தில் வெளியிட்ட பதிவில், கலமே இந்தியாவை விளித்து, தான் சேருமிடம் சேர்ந்ததாகவும், முன்னிலையாரும் சேர்ந்ததாகவும் கூறுகிறது. படர்க்கையில் ‘இறங்கியது’ என அஃறிணை முடிபு பெறும் கலம், தன்மையில் ‘சேர்ந்தேன்’ எனப் பேசும்போது அத்திணை வேறுபாடு மறைகிறது. ஆங்கில முன்னிலைப் பெயர் ஒருமைக்கும் பன்மைக்கும் பொது. நாட்டை விளித்ததாகக் கொண்டால் ‘நீயும்’ என்பதும், பார்த்துக்கொண்டிருந்த மக்களைக் கருதினால் ‘நீங்களும்’ என்பதும் பொருந்தும். அவ்வேளையில் யார் திரை முன் இருந்தனர் என்பதை அறியாமல் இவற்றுள் ஒன்றைத் தெரிவது இயலாது.

எனவே இத்தகைய பதிவுகளை மொழித்தரவாகத் தொகுப்போர், சொற்களை மட்டும் திரட்டுவது போதாது. பதிவு வெளியான நேரம், அது விடையிறுக்கும் பதிவு, அப்போது திரையில் இருந்த காட்சி ஆகியவற்றையும் உடன் குறித்தல் வேண்டும். திரையைக் காண இயலாத பார்வையற்றோர்க்கும், வேறு மொழியில் பின்னர்ப் படிப்போர்க்கும் அக்குறிப்புகளே வருணனையாளரின் இடத்தை நிரப்பும்.