ஒரு நேரத்தில் ஒரு திருகு

சுடுபவரின் கையை எல்லாரும் ரசிப்போம். எனக்குத் துப்பாக்கியைப் பழுது பார்ப்பவரின் கைமேல்தான் காதல்.

திருவனந்தபுரம் வட்டியூர்க்காவு சுடுதளம், 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்டது. இதுபோன்ற தளங்களில் நடக்கும் ஏர் ரைஃபிள் போட்டியில் பத்து மீட்டர் தள்ளியிருக்கும் இலக்கின் நடுப்புள்ளியின் விட்டம் வெறும் 0.5 மில்லிமீட்டர். குறி விலகினால் கைதேர்ந்த பழுதுபார்ப்பவர் எல்லாவற்றையும் கழற்றிப் போடமாட்டார். முதலில், குறிநோக்கியின் திருகு தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். அடுத்து, 4.5 மில்லிமீட்டர் ஈய பெல்லட்டின் விளிம்பு நசுங்கியிருக்கிறதா என்று தேடுவார். பிறகு ரப்பர் வாஷர்: அது தேய்ந்தால் காற்று கசியும், வேகம் குறையும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். உடனே சுட்டுச் சோதனை.

நாடி பிடிக்கும் வைத்தியரின் நிதானம் அது. பதக்க மேடையில் அவர் ஏறுவதில்லை. ஆனால் ஒவ்வொரு பதக்கத்திலும் அவர் விரல்ரேகை இருக்கிறது.