மஃப்ளரா, தார்ப்பாயா? திறந்த டிராக்டரும் குளிரும்

கேபின் இல்லாத டிராக்டரில் குளிர்காலத்தில் வேலை செய்பவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அறிவுரைகளை ஒரு மாதமாகச் சேர்த்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். கோயம்புத்தூர்க்காரனுக்கு இது எதுக்கு என்று கேட்கலாம். பழைய இயந்திரங்களின் கையேடுகளையும் விளம்பரங்களையும் புரட்டுவது என் பொழுதுபோக்கு, அந்த வழியில் இங்கே வந்து மாட்டிக்கொண்டேன். படிக்கப் படிக்க ஒரு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

அறிவுரைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. உடம்போடு ஒட்டிய உள்ளாடை, அதன் மேல் கம்பளி, அதற்கும் மேல் காற்று புகாத கவரால், இரட்டை சாக்ஸ், காதை மூடும் தொப்பி, கழுத்தைச் சுற்றி மஃப்ளர், வசதி இருந்தால் பேட்டரியில் சூடாகும் கையுறை. தனித்தனியாக எடுத்தால் எதுவும் தப்பில்லை. மினசோட்டாவிலோ மானிடோபாவிலோ மைனஸ் 20இல் பனி தள்ளுகிறவருக்கு இவை இல்லாமல் முடியாது. ஆனால் மொத்தமாகப் பார்த்தால், குளிர் என்பது ஓட்டுநரின் உடம்பில் இருக்கிற குறை என்பது போலவும், அதை அவரே கடையில் வாங்கிச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்பது போலவும்தான் எழுதுகிறார்கள். அவர் உட்கார்ந்திருக்கும் இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

மஃப்ளரையே எடுத்துக்கொள்வோம். டிராக்டரின் பின்னால் பி.டி.ஓ. ஷாஃப்ட் இருக்கிறது. ரோட்டவேட்டரையும் கதிரடிக்கும் இயந்திரத்தையும், அந்த ஊர்களில் பனி வாரி வீசும் இயந்திரத்தையும் சுழற்றுவது அதுதான். அதன் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9. ஷாஃப்ட்டின் குறுக்களவு 7 சென்டிமீட்டர் என்று வைத்தால் சுற்றளவு 22 சென்டிமீட்டர். ஒன்பதால் பெருக்குங்க, நொடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர். நுனி மாட்டினால் இரண்டு மீட்டர் மஃப்ளர் முழுவதும் சுருட்டப்பட ஒரு நொடி போதும். கையை நீட்டி கிளட்சையோ சுவிட்சையோ தொட அந்த நேரம் பத்தாது. தளர்ந்த துணியோடு சுழலும் ஷாஃப்ட் பக்கம் போகாதே என்பது எந்தப் பாதுகாப்புக் கையேட்டிலும் முதல் பக்கத்து விதி. குளிருக்கான கையேடோ மஃப்ளர் கட்டச் சொல்கிறது. இரண்டும் ஒரே ஆளுக்கு, ஒரே நாளுக்கு எழுதப்பட்டவை. கழுத்துக்குத்தான் வேண்டும் என்றால், தலை வழியாக மாட்டி உடையோடு ஒட்டி நிற்கும் குழாய் மாதிரியான கம்பளித் துணி இருக்கு, அதைச் சொல்லிவிட்டுப் போகலாமே.

விரல்கள் விஷயம் இதைவிட மோசம். விரல் தோலின் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனால் கை வேலையின் நுணுக்கம் குறையத் தொடங்கும். இன்னும் இறங்கினால் தொடுகிற பொருளே தெரியாது. லீவர் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். இதில் தடிமனான கையுறை வேறு. இன்னொன்று, குளிரில் விறைத்தவர் அவசரப்படுவார். இன்ஜினை அணைத்து இறங்கி, சுற்றிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டியதை, அணைக்காமல் ஷாஃப்ட்டைத் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும் என்ற நினைப்பு யாருக்கும் வரக்கூடியதுதான். அதனால் ஓட்டுநர் கதகதப்பாக இருப்பது சொகுசு என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. பிரேக் எப்படியோ இதுவும் அப்படித்தான்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். 40 குதிரைத்திறன் டிராக்டர் முழு வேலையில் கொடுப்பது சுமார் 30 கிலோவாட். டீசல் இன்ஜின் எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது. மீதி வெப்பமாக, கொஞ்சம் சைலன்சர் வழியாகவும் கொஞ்சம் ரேடியேட்டர் வழியாகவும் வெளியே போகிறது. ரேடியேட்டர் பங்கு மட்டும் முழு வேலையில் 20 கிலோவாட்டுக்குக் குறையாது. வீட்டில் வைக்கிற 2 கிலோவாட் ஹீட்டர் பத்து, அவருக்கு நாலடி முன்னால் எரிந்துகொண்டிருக்கிறது. அவர் பேட்டரி கையுறை வாங்க வேண்டுமாம்!

அந்த வெப்பம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்க. ரேடியேட்டர் விசிறி முன்னாலிருந்து காற்றை இழுத்து, இன்ஜின் மேல் ஓட்டி, பின்பக்கமாகத் தள்ளுகிறது. பின்பக்கம் என்றால் ஓட்டுநர் பக்கம். நம்மூரில் சித்திரை வெயிலில் உழுதவர்களைக் கேளுங்கள், முழங்காலில் அடிக்கிற அனலைப் பற்றிச் சொல்வார்கள். குளிர் நாட்டிலும் அதே அனல்தான் வருகிறது. என்ன, பானட்டின் இரண்டு பக்கமும் திறந்து கிடப்பதால் பக்கக் காற்று அதை வழியிலேயே அடித்துக்கொண்டு போய்விடும்.

காற்று எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு எண் உண்டு. வானிலை அறிக்கையில் 'உணரும் குளிர்' என்று சொல்கிறார்களே, அது. 1941இல் அண்டார்க்டிகாவில் பால் சைப்பிளும் சார்லஸ் பாசெலும் தண்ணீர் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் குப்பியை வெளியே தொங்கவிட்டு, அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்ததில் தொடங்கிய கணக்கு. குப்பியும் மனித முகமும் ஒன்றில்லை என்பதால் 2001இல் அமெரிக்காவும் கனடாவும் புதுச் சூத்திரத்துக்கு மாறின. அதற்காக டொராண்டோவில் குளிரூட்டிய காற்றுச் சுரங்கத்தில் 12 பேரை நடக்கவிட்டு முகத்தில் அளந்து சரிபார்த்தார்கள். அந்தச் சூத்திரப்படி மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று அடித்தால் மைனஸ் 18 போல இருக்கும்.

நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் நம்ம ஆளுக்கு அந்த எண் அப்படியே பொருந்தாது. அங்கே அளக்கப்பட்டவர்கள் நடந்தார்கள், இவர் உட்கார்ந்திருக்கிறார். சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு உண்டாக்கும் வெப்பம் சுமார் 100 வாட். நடப்பவருக்கு அது இரண்டு மூன்று மடங்கு. டிராக்டர் ஓட்டுவது சும்மா உட்காருவதைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். எத்தனை அடுக்கு உடை போட்டாலும் உடை வெப்பத்தை உண்டாக்காது, இருப்பதைப் பிடித்து வைக்கும். பிடித்து வைக்க உள்ளே ஏதாவது இருக்கணுமே. மலையேறுபவருக்கும் ஓடுபவருக்கும் எழுதிய அடுக்கு உடைத் தத்துவத்தை அசையாமல் ஆறு மணி நேரம் உட்காருபவருக்கு அப்படியே காப்பி பேஸ்ட் செய்தால் இப்படித்தான் ஆகும்.

இதையெல்லாம் சூத்திரம் இல்லாமலே புரிந்துகொண்டவர்கள் அமெரிக்க மத்திய மேற்கு விவசாயிகள். 1940, 50களில் அங்கே பரவலாக இருந்த சாமானுக்கு 'ஹீட் ஹவுசர்' என்று பெயர். பெயர்தான் பெரிசு, சாமான் சாதாரணத் தார்ப்பாய். கனத்த கான்வாஸை இன்ஜினின் இரண்டு பக்கமும் கட்டி, ரேடியேட்டரின் முன்பக்கத்தை மட்டும் திறந்து விட்டு, துணியை ஓட்டுநரின் இருபுறமும் வரை கொண்டுவந்து விடுவார்கள். முன்னால் ஒரு கண்ணாடித் தடுப்பு. மேலேயும் பின்னாலேயும் திறப்புதான். புது அடுப்பு எதுவும் வைக்கவில்லை. ஏற்கெனவே ஓட்டுநர் பக்கம் வந்துகொண்டிருந்த சூட்டுக்கு இரண்டு கரை கட்டினார்கள். வாய்க்காலுக்கு வரப்பு போடுவது மாதிரி.

எங்கள் தொழிலில் இதைப் பேட்ச் என்போம். மூல நிரலை எழுதியவர் விட்ட குறையைப் பயன்படுத்துபவர் வெளியிலிருந்து ஒட்டுப்போட்டுச் சரிசெய்வது. நல்ல பேட்ச் என்றால் அடுத்த வெளியீட்டில் மூலத்திலேயே சேர்த்துக்கொள்வார்கள். இங்கே அது நடக்கவில்லை என்பதுதான் என் புகார். பானட்டோடு மடக்கி இறக்கும் இரண்டு தகடுகளைத் தொழிற்சாலையிலேயே கொடுத்திருக்கலாம். கோடையில் மடக்கி வைத்துக்கொள்ளலாம். இது எல்லா டிராக்டருக்கும் பொதுவான அங்கமாக ஆகவே இல்லை. தார்ப்பாய் தனியாக வாங்கிக் கட்டும் சாமானாகவே நின்றுவிட்டது.

கம்பெனிக்காரர்களுக்குக் குளிர் தெரியாமல் இல்லை. மினியாபொலிஸ்-மோலின் கம்பெனி 1938இலேயே யு.டி.எல்.எக்ஸ். என்ற டிராக்டரைக் கொண்டுவந்தது. மூடிய கேபின், ஹீட்டர், ரேடியோ, வைப்பர், பக்கத்தில் இன்னொருவருக்கு இருக்கை, ரோட்டில் மணிக்கு 40 மைல் வேகம். பகலில் உழுதுவிட்டு மாலையில் அதிலேயே டவுனுக்குப் போகலாம் என்பது விற்பனைப் பேச்சு. விலை 2,000 டாலரை ஒட்டி. செய்தது மொத்தம் சுமார் 150தான், விற்கவே சிரமப்பட்டார்கள். காலத்துக்கு முந்திப் பிறந்த மேதை என்று இன்று சேகரிப்பாளர்கள் கொண்டாடுகிறார்கள். படங்களைப் பார்த்தால் எனக்கும் ஆசையாகத்தான் இருக்கு, அழகான வண்டி. ஆனாலும் அந்தப் புகழ்ச்சி அதிகம். பெருமந்தத்தில் அடிபட்டு எழுந்துகொண்டிருந்த விவசாயியிடம் போய்க் காரையும் டிராக்டரையும் ஒன்றாக்கி விற்கப் பார்த்தார்கள். அவர் கேட்டிருக்கக்கூடியது காலுக்குக் கொஞ்சம் சூடு. அதைத் தார்ப்பாய்க்காரர் சில டாலருக்குக் கொடுத்தார்.

கேபின் பிறகு வென்றது, ஆனால் குளிரை முன்னிட்டு அல்ல என்பது என் வாசிப்பு. டிராக்டர் கவிழ்ந்து ஓட்டுநர் நசுங்கிச் சாவதைத் தடுக்க, 1959இல் ஸ்வீடன் புது டிராக்டர்களுக்குப் பாதுகாப்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. மற்ற நாடுகள் பின்னால் வந்தன. வலுவான நாலு தூண் வந்தபின் நடுவில் கண்ணாடி போடுவது எளிது. அடுத்தது சத்தம். ஆரம்பகாலத் தகரக் கேபின்கள் சத்தத்தைப் பெருக்கிக் காதைச் செவிடாக்கின. ஜான் டியர் 1973 மாடல்களில் கொண்டுவந்த கேபினுக்கு 'சவுண்ட்-கார்ட்' என்று பெயர். பெயரையே பாருங்க, சத்தக் காவல். ஹீட்டரும் ஏ.சி.யும் அந்த வண்டியில் ஏறிவந்த பயணிகள்.

கேபின் வந்தாச்சே, பிறகென்ன என்று முடித்துவிட முடியாது. இந்தியாவில் ஓடும் டிராக்டர்களில் பெரும்பாலானவை இன்றும் திறந்தவை. தமிழ்நாட்டில் இதனால் குளிர்ப் பிரச்சினை இல்லை. பஞ்சாப், ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேசத்தில் இருக்கு. ஜனவரி இரவில் 4, 5 டிகிரி, அடர்ந்த மூடுபனி. கரும்பு ஆலைகள் ஓடும் பருவமும் அதுதான். டிராலியில் கரும்பேற்றி இரவில் ஆலைக்குப் போகிறவரை நினைத்துப் பாருங்க. 5 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார். சூத்திரம் கேட்பது 10 மீட்டர் உயரத்துக் காற்றின் வேகம். முக உயரத்தில் காற்று அதில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துத்தான் அதை எழுதியிருக்கிறார்கள். இவர் முகத்திலோ 20 முழுசாக அடிக்கிறது, ஆகவே 30 என்று போட வேண்டும். போட்டால் விடை பூஜ்ஜியம் டிகிரி. அவர் போர்த்தியிருப்பது சால்வை, பெரும்பாலும் நீளமானது. 2 மீட்டர், ஒரு நொடி என்ற கணக்கை இங்கேயும் போட்டுப் பார்க்கலாம்.

தார்ப்பாய்க்கும் குறைகள் உண்டு, மறைக்க விரும்பவில்லை. பக்கத் துணி முன் சக்கரங்களை மறைக்கும், வரிசைப் பயிரில் அது பெரிய தொல்லை. பின்னால் மாட்டிய பனி வீசியோடு ரிவர்ஸில் வேலை செய்பவர் நாள் பூராவும் திரும்பியே உட்கார்ந்திருப்பார், அவர் முகத்துக்கு இது ஒன்றும் செய்யாது. எல்லாவற்றையும்விட, மேலே சொன்ன 20 கிலோவாட் முழு வேலைக்கான கணக்கு. இன்ஜின் மெதுவாக ஓடும்போது வெப்பம் அதில் சிறு பங்குதான். தண்ணீர் 80 டிகிரியைத் தொடும்வரை தெர்மோஸ்டாட் திறக்காது, அதுவரை ரேடியேட்டர் வழியாக வருவது வெறும் குளிர்காற்று. அதற்காக ரேடியேட்டர் முன் அட்டை வைப்பார்கள். பாதி மறைத்தால் இன்ஜின் சீக்கிரம் சூடாகும். முழுசாக மறைத்துவிட்டு ஏர் உழப் போனால் தண்ணீர் கொதித்துவிடும், வெப்பமானி முள்ளில் ஒரு கண் இருக்கணும்.

யாராவது செய்து பார்க்க நினைத்தால் சைலன்சரை முதலில் பாருங்கள். குழாய் பானட்டுக்கு மேலே செங்குத்தாகப் போய் ஓட்டுநரின் தலையைத் தாண்டிப் புகையை விட வேண்டும். சைலன்சர் இணைப்புகளில் கசிவு இருந்தால் துணி கட்டிய பிறகு அந்தப் புகையும் சூட்டோடு சேர்ந்து நேராக முகத்துக்கு வரும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமும் நிறமும் கிடையாது. துணி சூடான மேனிஃபோல்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி நிற்கட்டும். குழாய் கீழ்நோக்கிப் போகிற மாடல்களில் இதைக் கட்டவே கூடாது, மூடிய கொட்டகைக்குள் எந்த மாடலிலும் இன்ஜினை ஓடவிடக் கூடாது.