ஐந்தாம் அளவுகோல்: கல்லூரி ஆய்வுகளில் மாணவர் எங்கே?

1

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம், எந்தப் பெயரை வைத்தாலும் பொருந்தும். மூன்றாம் ஆண்டு வகுப்பில் மூன்று பக்கப் படிவம் ஒன்றைக் கொடுக்கிறார்கள். 'கல்லூரி எனக்குப் போதிய ஆதரவு அளிக்கிறது' என்று ஒரு வாக்கியம். எதிரே ஐந்து கட்டங்கள்: முற்றிலும் உடன்படுகிறேன் என்பதிலிருந்து முற்றிலும் உடன்படவில்லை என்பது வரை. கடைசி பெஞ்சில் ஒருவன் எல்லாவற்றுக்கும் முதல் கட்டத்திலேயே டிக் அடித்துக்கொண்டு போகிறான். ஏம்ப்பா இப்படி என்றால், 'பேரும் ரெஜிஸ்டர் நம்பரும் மேல எழுதச் சொல்லிட்டாங்கள்ல சார்' என்கிறான். ஆய்வு முறையியல் பற்றி இவ்வளவு சுருக்கமான விமர்சனத்தை நான் எந்த ஆய்வேட்டிலும் படித்ததில்லை.

அந்தப் படிவம் பிறகு சராசரியாக மாறும், சதவீதமாக மாறும், ஒரு கட்டுரையாக அச்சேறும். 'மாணவர் அனுபவம்' என்ற பெயரில் அது உலவும். அனுபவம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் படிவத்தை ஒரு பிரதியாக வைத்து வாசித்துப் பார்க்கலாம் என்பதுதான் இங்கே நோக்கம்.

2

தேசிய மதிப்பீட்டுத் தரச்சான்றுக் குழு, அதாவது 'நாக்', 1994இல் வந்தது. 2017இல் அது திருத்தியமைத்த கையேடு கல்லூரிகளை ஏழு அளவுகோல்களால் அளந்தது. ஐந்தாவது: மாணவர் ஆதரவும் முன்னேற்றமும். ஆறாவது: ஆளுகை, தலைமை, மேலாண்மை. இந்த வரிசையிலேயே ஒரு கருத்தியல் உட்கார்ந்திருக்கிறது. மாணவர் ஐந்தில் இருக்கிறார். தலைமை ஆறில் இருக்கிறது. ஆதரவு பெறுகிறவர் ஒருவர், வழிநடத்துகிறவர் வேறொருவர். நடுவில் கதவு இல்லை.

ஐந்தாவதுக்குள்ளேயே 'மாணவர் பங்கேற்பு' என்று ஒரு உட்பிரிவு உண்டே என்பார்கள். உண்டுதான். மாணவர் பேரவையும் அங்கேதான், விளையாட்டுப் பரிசும் அங்கேதான், கலைவிழாவும் அங்கேதான். கோப்பை வாங்குவதும் நிர்வாகத்திடம் கேள்வி கேட்பதும் ஒரே கணக்கில் வரவு வைக்கப்படுகின்றன. ஆய்வேடுகளும் இதே சட்டகத்தை அப்படியே எடுத்துக்கொள்கின்றன. 'ஆதரவு' என்றால் வாடிக்கையாளருக்குச் செய்யும் சேவை. 'தலைமைப் பண்பு' என்றால் கோட்டு போட்டு மேடையில் ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் பேசுவது. இரண்டும் தனி ஆளின் சங்கதிகள். கூட்டம் என்ற ஒன்று இந்தச் சொல்லாடலில் இல்லவே இல்லை.

3

இந்த ஆய்வுகளுக்கெல்லாம் ஒரு மூதாதை உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் வின்சென்ட் டின்டோ 1975இல் ஒரு கோட்பாட்டை வைத்தார். மாணவர் ஏன் படிப்பை விட்டுப் போகிறார் என்பது கேள்வி. கல்லூரியின் கல்வி வாழ்விலும் சமூக வாழ்விலும் ஒருங்கிணையாதவர் போய்விடுகிறார் என்பது விடை. கருவியை அவர் எடுத்தது துர்க்கைமிடமிருந்து, அதுவும் 1897இல் வந்த தற்கொலை பற்றிய நூலிலிருந்து. பின்னால் வான் கெனப்பின் கடப்புச் சடங்குக் கருத்தையும் சேர்த்துக்கொண்டார்: பிரிதல், கடத்தல், இணைதல். மாணவர் பழைய சமூகத்திலிருந்து பிரிந்து புதியதில் இணைய வேண்டும்.

இதை 1992இல் வில்லியம் டியர்னி கடுமையாக மறுத்தார். கடப்புச் சடங்கு ஒரே பண்பாட்டுக்குள் நடப்பது. ஒருவரை அவருடைய பண்பாட்டிலிருந்து பிடுங்கி வேறொன்றில் நடுவதற்குச் சடங்கு என்று பெயர் வைக்கக்கூடாது என்பது அவர் வாதத்தின் சாரம். டின்டோவும் பிற்பாடு, ஊர் உறவும் வீட்டு உறவும் சிலருக்குத் துணையாக நிற்கின்றன என்று ஒப்புக்கொண்டார். பிரான்சில் இதற்கெல்லாம் முன்பே, 1964இல், பூர்தியுவும் பஸ்ஸெரோனும் 'வாரிசுகள்' நூலில் இன்னும் அடிப்படையாகக் கேட்டுவிட்டார்கள்: கல்லூரி யாருடைய வீட்டின் நீட்சியாக இருக்கிறது?

நம் கேள்வியும் அதுதான். நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் ஒரு பெண் வருகிறாள். விடியுமுன் பூப் பறித்துக் கொடுத்துவிட்டு வருகிறாள். வேடசந்தூர்ப் பக்கத்துப் பையன் நூற்பாலையில் ராத்திரி ஷிப்டு முடித்து அப்படியே வகுப்புக்கு வருகிறான். இவர்கள் எதிலிருந்து பிரிய வேண்டும்? பிரிந்தால் ஃபீஸ் யார் கட்டுவது? எதில் இணைய வேண்டும்? 'எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?' என்று முதல் நாளே கேட்டுவிடுகிற வாத்தியாரின் வகுப்பிலா? அந்த இரண்டாவது கேள்வி எதற்கென்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். படிவத்துக்கு மட்டும் தெரியாது.

அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22இல் தமிழ்நாட்டின் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. இது சாதாரண விஷயமில்லை, சமூகநீதி அரசியலின் நேரடி விளைவு. 2022இல் புதுமைப்பெண், 2024இல் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்குக்கே வருகிறது. இதை 'இலவசம்' என்று கேலி செய்கிறவர்களோடு நமக்குப் பேச்சில்லை. அறிவுரை சேர்க்காமல் வருகிற ஆதரவு அது ஒன்றுதான். ஆனால் சேர்க்கை விகிதம் வாசலில் எண்ணப்படுவது. உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு அதில் விடை கிடையாது.

4

தலைமைக்கு வருவோம். 1965 ஜனவரியில் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு யாரும் தலைமைப் பண்புப் பயிற்சி கொடுக்கவில்லை. 27ஆம் தேதி சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தார். இரண்டு வருஷத்தில் ஆட்சி மாறியது. ஆண்டுதோறும் ஜனவரி 25இல் மொழிப்போர்த் தியாகிகளுக்கு எல்லாக் கட்சியும் மாலை போடுகின்றன. மாணவர் சங்கத் தேர்தல் என்றால் மட்டும் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்குகிறது. தெருவிலிருந்து வந்தவர்களுக்குத் தெருவின் வலிமை தெரியும், அவ்வளவுதான்.

2006இல் லிங்டோ குழு அறிக்கை கொடுத்தது. உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு அதை ஏற்றது. தேர்தல் வேண்டும் என்கிறது அறிக்கை. யார் நிற்கலாம் என்பதைப் பாருங்கள்: குறைந்தது 75 சதவீதம் வருகைப்பதிவு வேண்டும்; நிற்கும் ஆண்டில் அரியர் இருக்கக்கூடாது; இளங்கலை மாணவருக்கு 22 வயது தாண்டக்கூடாது. பணபலத்தையும் அடியாட்களையும் தடுக்கத்தான் இவை என்பது உண்மை. ஆனால் நம்மூரில் அரியர் வைப்பவர் யார்? தமிழ்வழியில் படித்துவிட்டு முதல் செமஸ்டரில் ஆங்கிலப் பாடப்புத்தகத்தின் முன் உட்கார்ந்தவர். அட்டெண்டன்ஸ் குறைபவர் யார்? ஷிப்டுக்குப் போகிறவர். வயது தாண்டியவர் யார்? இரண்டு வருஷம் மில்லில் வேலை பார்த்துக் காசு சேர்த்துவிட்டுப் படிக்க வந்தவர். ஆதரவு யாருக்கு அதிகம் தேவையோ, அதைக் கேட்டு வாங்கும் பதவிக்கு அவரே தகுதியற்றவர் ஆகிறார். ஐந்தாம் அளவுகோலுக்கும் ஆறாம் அளவுகோலுக்கும் நடுவில் உள்ள சுவர் இதுதான்.

5

திண்டுக்கல்லுக்கு இதில் தனி வரலாறு உண்டு. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் சின்னாளப்பட்டிக்கு அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். 1956இல் அங்கே கிராமியக் கல்வி நிறுவனம் வந்தது; 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. உடலுழைப்பு, சாந்தி சேனை, மாணவர் கிராமத்தில் போய்த் தங்குவது என்று அனுபவத்தையே பாடமாக்கிய இடம். தலைமை என்பது மேடை அல்ல, சேவை என்று சொன்ன இடம். அதை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்தக் கற்பனையில் மாணவர் வெளியிலிருந்து கிராமத்துக்குப் போகிறவர். சேரியிலிருந்து படிக்க வந்தவருக்குக் கிராமம் கண்டடைய வேண்டிய லட்சியமல்ல. தப்பித்து வந்த இடம். 1948இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றி வைத்த விமர்சனம் இன்னும் பதில் கேட்டு நிற்கிறது.

இன்னொரு வரலாறு புதியது. 2021 ஜனவரியில் இம்மாவட்டத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த தலித் பெண் கொல்லப்பட்டார். தொழிலாளர் போராடினார்கள். 2022இல் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அன்ட் காமன் லேபர் யூனியனும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. உலகத் தொழிற்சங்க வட்டாரங்களில் அதற்குப் பெயரே 'திண்டுக்கல் ஒப்பந்தம்'. தளத்தில் வேலை செய்த பெண்களே சங்கத்திடம் பயிற்சி பெற்றுத் துன்புறுத்தல்களைக் கவனித்து எழுப்பினார்கள். ஆதரவும் தலைமையும் இங்கே ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தன.

கல்லூரிக்கும் விதி இல்லாமலில்லை. பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான யுஜிசியின் 2015 விதிமுறைகள், மாணவர் தொடர்புடைய புகார்களில் உள்ளகக் குழுவில் மூன்று மாணவப் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்கள் வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்கின்றன. உங்கள் கல்லூரியில் அந்தத் தேர்தல் எப்போது நடந்தது? அக்காவுக்கு மில்லில் கிடைத்தது தங்கச்சிக்குக் கல்லூரியில் கிடைத்ததா?

6

ஆய்வே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2007இல் தோரட் குழு டெல்லி எய்ம்ஸ் மாணவர்களிடம் சாதியைப் பற்றி நேராகக் கேட்டது. விடுதியில் யார் எங்கே ஒதுங்க நேர்ந்தது, வகுப்பில் யார் எப்படி நடத்தப்பட்டார் என்பதெல்லாம் அதனால் வெளியே வந்தது. கேள்வி சரியாக இருந்தால் அனுபவம் பேசும்.

நமக்கு வேண்டியது மாணவர்களே கேள்வி தயாரிக்கிற ஆய்வு. காலையில் சாப்பிட்டாயா, எந்த பஸ், எந்த ஷிப்டு, விடுதியில் உன் அறையில் யார் இருக்கிறார்கள், எந்த வாத்தியார் உன்னை எழுப்பி நிறுத்தி ஊரைக் கேட்டார், அரியருக்கு யாரிடம் போய்ச் சந்தேகம் கேட்டாய், புகார் கொடுத்தால் என்ன ஆகும் என்று நினைக்கிறாய். பெயர் வேண்டாம், நம்பர் வேண்டாம். முடிவு தமிழில் அச்சாகி அதே வகுப்புக்குத் திரும்பி வர வேண்டும். அதை வைத்து அவர்கள் கூட்டம் போட வேண்டும். கூட்டம் போட இடம் கொடுக்க மாட்டோம் என்றால், அதையும் ஆய்வின் முடிவாகவே எழுதிக்கொள்ளலாம்.

கடைசி பெஞ்சுப் பையனிடம் அப்படியொரு படிவத்தைக் கொடுத்துப் பாருங்கள். ஐந்து கட்டம் போதாது, பின்பக்கமும் எழுதுவான்.