தோற்ற மாணவனைக் காட்டாத ‘வாத்தி’

2023இல் வெளிவந்த ‘வாத்தி’ படத்தைக் கதிர்காமத்து மாணவர் சிலரோடு பார்த்தேன். கல்வியைக் கடைச்சரக்காக்கிய முதலாளியை ஓர் ஆசிரியன் எதிர்க்கிறான். ஏழைப் பிள்ளைகள் நுழைவுத் தேர்வில் வாகை சூடுகிறார்கள். பிள்ளைகள் கைதட்டினர், நானுந்தான் தட்டினேன். நூற்றுக்கு அறுபது வாங்கும் ஒருவன் மட்டும் கேட்டான்: “ஜெயிக்காதவங்க என்ன சார் ஆனாங்க?”

இயக்குநர் வெங்கி அட்லூரி இதற்கு விடை தரவில்லை. வென்றவனுக்கே கல்வி என்பது படத்தின் நீதியானால், முதலாளியின் நீதிக்கும் அதற்கும் எவ்வளவு தூரம்? அவன் பணம் கேட்டான். இது மதிப்பெண் கேட்கிறது. அவ்வளவே!

நாட்டு நடப்பும் அதுதானே? எங்கள் ஊரிலேயே இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி ஓங்கி நிற்கிறது. அரசுப் பள்ளி மாணவர்க்கு 2023இல் 10 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. நன்று, மிக நன்று! அதற்குள்ளும் நீட் வரிசை. அறுபது வாங்கியவன் தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டை நாடினாலோ, 2024இல் ஒன்றிய அரசு அறிவித்த பிணையில்லா வித்யாலட்சுமி கடன் அவனுக்கில்லை. கடனுக்குங்கூடத் தகுதி வரிசையா? பிறகென்ன, தாயின் தாலிதான் அடகுக்கடை ஏறும்.

அவனை இலாசுப்பேட்டை தாகூர் அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கச் சொன்னேன். “கணக்குத்தான் சார் பிடிக்கும், மார்க்குத்தான் வரல” என்றான். கணிதத்திற்கே நிரப்பிக் கொடுத்தேன். அங்கும் மதிப்பெண் வரிசைதான்.